கவசமும் கேடயமும்

ரமலான் பிறைக்குப் பத்து நாட்கள் இருக்கும்போதே திருச்சிப் பள்ளிவாசல்களின் சுவர்களில் ஸஹர், இஃப்தார் நேர அட்டவணைகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. கடைக்காரர்கள் அச்சிட்டு வழங்குவன சில. ஜமாஅத்துகள் வெளியிடுவன சில. அவற்றின் தலைப்பில் ஒரு நபிமொழியை இடுவது வழக்கம். பெரும்பாலும் நோன்பைப் பற்றிய அந்தச் சுருக்கமான மொழியே அவ்விடத்தைப் பெறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நோன்பை ஜுன்னத் என்னும் ஒற்றைச் சொல்லால் குறிப்பிட்டார்கள். அச்சொல்லை ஓர் அட்டவணை கவசம் என்று பெயர்க்கிறது. அடுத்த தெருவின் அட்டவணை கேடயம் என்று பெயர்க்கிறது. ஜுமுஆ மேடையிலோ ஒரே உரையில் இரண்டும் மாறி மாறி வந்து போகின்றன. கேட்போர் இதில் வேறுபாடு எதையும் காண்பதில்லை. பேசுவோரும் கண்டதாகத் தெரியவில்லை.

இரண்டும் ஒன்றல்ல. ஒன்று உடம்பில் அணிவது. மற்றது கையில் ஏந்துவது. அணிந்தவன் அதை மறந்திருக்கலாம். ஏந்தியவன் மறக்க முடியாது. நோன்பு இவற்றுள் எது என்னும் வினா வெறும் அகராதி வினாவன்று. ஆகவே இவ்விரு சொற்களும் தமிழில் எப்படி வந்தன, அரபியில் இவற்றுக்கு நிகரானவை எவை என்று சற்று விரிவாகவே பார்ப்போம்.

கவசம் என்னும் சொல்லைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊரின் பகுதியாகிய உறையூருக்குப் போனால் போதும். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்னும் புலவர் பாடிய புறநானூற்றுப் பதின்மூன்றாம் பாட்டில் இச்சொல் வந்துவிட்டது. சோழன் ஒருவன் ஏறிவந்த யானை மதங்கொண்டு சேரனின் கருவூருக்குள் புகுந்துவிடுகிறது. மாடத்தின் மேலிருந்து பார்க்கும் சேரனுக்கு, வருபவன் இன்னான் என்று புலவர் சொல்கிறார். அப்போது அவர் சுட்டும் அடையாளம் அம்புகள் கிழித்த கவசம். அது புலித்தோலாற் செய்த மெய்புகு கருவி என்பது பழைய உரை. இந்த 'மெய்புகு கருவி' என்னும் தொடரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மெய் எதற்குள் புகுகிறதோ அது கவசம். உரைகாரர் ஒரே வீச்சில் இலக்கணம் வகுத்துவிட்டார்.

கவசம் வடசொல் என்பது அகராதியார் முடிவு. 'கவி' என்னும் தமிழ் வேரிலிருந்து, கவிந்து மூடுவது என்ற பொருளில் வந்தது என்று தமிழ்ப் பற்றாளர் சிலர் கூறுவர். கவிதல் நல்ல தமிழ்ச் சொல்லே. ஆனால் ஒலி ஒத்திருப்பதும் பொருள் ஒத்திருப்பதும் மட்டுமே பிறப்பை நிறுவிவிடா. 'சம்' என்னும் ஈறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை தடுமாறுகிறது. வடசொல்லாகவே இருந்தாலும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இங்கே குடியிருக்கும் சொல்லை வாடகைக்காரன் என்று அழைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

தமிழ்ப் பெயர் வேண்டுமென்பார்க்கு மெய்ம்மறை இருக்கிறது. பதிற்றுப்பத்தில் குமட்டூர்க் கண்ணனார் பாடிய இரண்டாம் பத்தின் பதினான்காம் பாட்டுக்கே 'சான்றோர் மெய்ம்மறை' என்று பெயர். சான்றோர் என்பது அங்கே வீரரைக் குறிக்கும். சேர அரசன் தன் வீரர்க்குக் கவசம் போன்றவன் என்பது கருத்து. முல்லைப்பாட்டிலோ மெய்ப்பை என்று ஒரு சொல் வருகிறது. யவனக் காவலர் அணிந்திருந்த உடை அது. உடம்பை உள்ளே போட்டு வைக்கும் பை! நச்சினார்க்கினியர் அதைச் சட்டை என்று எளிதாக விளக்கிவிட்டார். இன்னும் சாலிகை என்றொரு சொல் உண்டு. வலையைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. வலைபோல் பின்னிய இரும்புச் சட்டைக்குப் பெயர். கஞ்சுகம் என்பதோ கவசத்தையும் குறிக்கும், உடற்சட்டையையும் குறிக்கும், பாம்பு உரித்த தோலையும் குறிக்கும்.

மலைக்கோட்டை வழியாகப் போகிறவர்கள் இன்னொரு சொல்லையும் கவனிக்கலாம். மலையின் மேற்பகுதிக் குடைவரையை ஏழாம் நூற்றாண்டில் அமைத்தவன் பல்லவன் மகேந்திரவர்மன். வர்மன் என்னும் அந்த ஈறு, கவசம் எனப் பொருள்படும் வடசொல். அரசப் பெயர்களின் பின்னே அது 'காக்கப்பட்டவன், காப்பவன்' என்னும் குறிப்போடு நிற்கிறது. ஆனால் தமிழில் வர்மம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது வர்மக்கலை. அங்கே அச்சொல் உயிர்நிலையை, அடிபட்டால் ஆள் வீழும் இடத்தைக் குறிக்கிறது. அது மர்மம் என்னும் வேறொரு வடசொல்லின் திரிபு. கவசமும், கவசம் இல்லாத இடமும் தமிழில் ஒரே உருவம் பெற்றுவிட்டன! மொழி இப்படியெல்லாம் வேடிக்கை செய்யும்.

காவிரியைக் கடந்து திருவரங்கம் போனால் போர்க்களக் கவசம் அணிகலனாகிவிட்டதைக் காண்கிறோம். அங்கே வைகுண்ட ஏகாதசிக் காலத்தில் மூலவர்க்கு முத்தங்கியும் உற்சவர்க்கு இரத்தின அங்கியும் சாத்துகிறார்கள். சுதையாலான மூலவர் திருமேனிக்குத் தைலக்காப்பு என்னும் மேற்பூச்சும் உண்டு. அந்த வழிபாடு நம்முடையதன்று. ஆயின் அந்தச் சொற்கள் நம்முடையவையும் ஆம். 'காப்பு' என்னும் சொல்லின் விரிவைப் பாருங்கள். கையில் இடும் வளையும் காப்பு. நூலின் முதலில் நிற்கும் செய்யுளும் காப்பு. பிள்ளைத்தமிழின் முதற் பருவமும் காப்பு. நம் புலவர்கள் பாடிய பிள்ளைத்தமிழ்களிலும் காப்புப் பருவம் இடம்பெற்றது. இச்சொல்லிடம் பின்னர் மீண்டும் வருவோம்.

கவசம் பாட்டுக்கும் பெயராயிற்று. கந்த சஷ்டி கவசம், சண்முக கவசம் போன்றவற்றில் தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக் காக்க வேண்டுவது முறை. நம்மிடையே ஹிர்ஸ் என்றும் ஹிஸ்ன் என்றும் வழங்கும் ஓதல் தொகுப்புகளின் பெயர்களும் இதே எண்ணத்தில் பிறந்தவையே. ஹிஸ்ன் என்றால் கோட்டை. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும். தமிழ்ச் செவிக்குக் கவசம் என்றவுடன், ஒருமுறை அணிந்துவிட்டால் தானே காத்து நிற்கும் ஒன்று என்னும் எண்ணம் எழுகிறது. இன்றைய வழக்கும் அதையே உறுதி செய்கிறது. இருசக்கர வண்டியில் போகிறவர் அணிவது தலைக்கவசம். 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது முகக்கவசம் என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கிற்று. மருத்துவர்கள் அணிந்தது கவச உடை. தலைக்கேடயம் என்று எவரும் சொல்லவில்லை; முகக்கேடயம் என்றும் சொல்லவில்லை. பொதுமக்களை முன்னே நிறுத்திப் பின்னே ஒளிந்து போரிடும் கொடுமையை எழுதும் செய்தித்தாள்களோ மனிதக் கேடயம் என்கின்றன. மனிதக் கவசம் என்று எழுதுவதில்லை. படித்தவரும் படியாதவரும் பிழையின்றிப் பேணும் இவ்வேறுபாட்டை நாம் மட்டும் மார்க்க மேடையில் ஏறியவுடன் மறந்துவிடுகிறோம்.

இனிக் கேடயம். கேடகம் என்னும் வடசொல்லே கேடயம் ஆயிற்று. சங்கப் பாடல்களில் அதற்குப் பழம்பெயர் தோல் என்பது; தோலால் செய்ததால் அப்பெயர். கிடுகு என்றும் ஒரு பெயருண்டு. யாழ்ப்பாணத்து வாசகர்கள் கிடுகு என்றவுடன் கூரை வேயும், வேலி அடைக்கும் பின்னிய தென்னோலையை நினைப்பார்கள். மறைப்பதுதான் இரண்டின் தொழிலும். உஹதுக் களத்தில் அபூதல்ஹா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முன்னே நின்று மறைத்துக் காத்த கருவியை ஹதீஸ் ஹஜஃபா என்கிறது. ஹஜஃபா என்பது மரம் சேராத தோற்கேடயம். சங்கப் புலவன் அதைக் கண்டிருந்தால் தோல் என்றே சொல்லியிருப்பான்.

கேடயத்துக்குத் தமிழில் வேறு வாழ்வுகளும் கிடைத்தன. சமயபுரத்துத் திருவிழாச் செய்திகளில் மரக்கேடயம் என்று படிக்கிறோம். அது அங்கே புறப்பாட்டு ஊர்தி. பள்ளிப் பிள்ளைகளுக்கோ கேடயம் என்றால் பரிசு. பேச்சுப் போட்டியில் வென்ற பள்ளிக்குச் சுழற்கேடயம் தருவார்கள். அது தலைமை ஆசிரியர் அறையின் கண்ணாடி அலமாரியில் ஏறிவிடும். அதற்குப் பின் ஆண்டு விழாவுக்கு முதல் நாள் துடைக்கும்போதுதான் கீழே இறங்கும். நோன்பைக் கேடயம் என்று சொல்லும்போது நம் பிள்ளைகளின் மனக்கண்ணில் எந்தக் கேடயம் தோன்றுகிறது என்று எனக்கு ஐயம் உண்டு.

அரபிக்குப் போவோம். உடம்பில் அணியும் இரும்புச் சட்டைக்கு அங்கே பெயர் திர்உ. இச்சொல்லின் இலக்கணமே சுவையானது. இரும்புச் சட்டையைக் குறிக்கும்போது அதைப் பெண்பாலாக வழங்குவர். பெண் அணியும் சட்டையைக் குறிக்கும்போது ஆண்பாலாக வழங்குவர். ஆண் அணிவது பெண்பால், பெண் அணிவது ஆண்பால்! எப்படியாயினும் அது சட்டைதான் என்பதில் ஐயமில்லை. நம் கஞ்சுகம் போல, போருடையும் வீட்டுடையும் ஒரே சொல்லில் அடங்கின. உருது பேசும் நம் திருச்சிக் குடும்பங்களில் கதை சொல்லும் மூதாட்டிகள் ஸிரஹ்-பக்தர் என்பார்கள். ஸிரஹ் பாரசீகச் சொல், அதுவும் அணிவதே. ஆங்கிலத்தின் ஆர்மர் என்பது மட்டும் வழி மாறியது. அதன் இலத்தீன் மூலம் ஆயுதத்தைக் குறிப்பது. தாக்கும் கருவியின் பெயரே தடுக்கும் கருவிக்கும் ஆயிற்று. தமிழும் அரபியுமோ மூடுவதை, மறைப்பதை, காப்பதை வைத்தே பெயரிட்டன.

திருக்குர்ஆனில் இச்சட்டையின் வரலாறு தாவூது நபி (அலை) அவர்களோடு இணைந்து வருகிறது. அல்அன்பியா அத்தியாயத்தின் எண்பதாம் வசனம் அதை லபூஸ் என்கிறது. லிபாஸ் என்னும் ஆடையின் வேரே இதற்கும் வேர். ஸபஉ அத்தியாயத்தின் பதினோராம் வசனத்தில் இரண்டு தொழிற்சொற்கள் வருகின்றன. ஒன்று ஸாபிகாத், உடல் முழுதும் இறங்கி மூடும் நீண்ட சட்டைகள். மற்றொன்று ஸர்து, வளையத்தோடு வளையத்தைக் கோத்து ஆணியிட்டு இணைக்கும் வேலை. அந்த இணைப்பில் அளவு பேண வேண்டும் என்பது கட்டளை. ஆணி மெலிதானால் ஆட்டம் கொடுக்கும், பருமனானால் வளையத்தைப் பிளந்துவிடும் என்று முன்னோரான விரிவுரையாளர் விளக்கினர். தாவூது நபிக்கு முன்பு கவசம் தகடுகளாக இருந்தது, வளையங்களாகப் பின்னியவர் அவரே என்பது கத்தாதா (ரஹ்) அவர்களின் கூற்று. ஒரு நபிக்கு வந்த இறைக்கட்டளையில் கொல்லனின் பட்டறை நுணுக்கம் இடம்பெற்றிருப்பதை, கைத்தொழிலைத் தாழ்வாக நினைக்கும் நம் வீடுகள் எண்ணிப் பார்க்கலாம். அவர் தம் கை உழைப்பிலேயே உண்டார் என்பது புகாரியில் உள்ள செய்தி.

ஸர்து என்னும் சொல் பட்டறையோடு நிற்கவில்லை. இடைவிடாமல் அடுக்கிப் பேசுவதும் ஸர்து. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உங்களைப் போல அவ்வாறு அடுக்கிப் பேசியதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதாக ஹதீஸ் உண்டு. இன்றைய அரபியில் கதை சொல்லும் கலைக்கே ஸர்து என்றுதான் பெயர். நாமும் செய்யுளைப் பற்றிப் பேசும்போது யாப்பு என்கிறோம், தொடை என்கிறோம், கட்டுவதும் தொடுப்பதும். அதுமட்டுமன்று, நாள் விடாமல் தொடர்ந்து நோன்பு வைப்பதும் ஸர்துதான். நோன்புகளில் சிறந்தது தாவூது நபியின் நோன்பு, அது ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதை யாவரும் அறிவோம். வளையங்களை இணைப்பதில் அளவு பேணச் சொல்லப்பட்டவரே நோன்பிலும் அளவு பேணியவராக இருக்கிறார். விரிவுரைகளில் இதை எவரும் சொல்லியிருப்பதாக நான் காட்டவில்லை. பாடம் நடத்தும்போது என் மனத்தில் தோன்றியது, அவ்வளவே.

இப்போது நம் வழக்கின் நடுச் சொல்லாகிய ஜுன்னத். இதன் வேர் ஜீம், நூன், நூன். மறைத்தல், மூடுதல் என்பது அடிப்பொருள். மரங்களால் மூடப்பட்ட தோட்டம் ஜன்னத். கண்ணுக்கு மறைந்த படைப்பு ஜின். கருவறையில் மறைந்திருப்பது ஜனீன். அறிவு மூடப்பட்டவன் மஜ்னூன். இவ்வேரிலிருந்தே மிஜன்னு என்னும் கேடயப் பெயரும் வந்தது. ஆகவே வேரளவில் ஜுன்னத் என்பதற்கு 'மறைத்துக் காப்பது' என்பதே பொருள். தமிழில் இதே எண்ணத்தில் பிறந்த சொல் மெய்ம்மறைதான். ஜன்னின் வேரும் மறையின் வேரும் ஒரே வேலையைச் செய்கின்றன. இதைக் கேட்டு மகிழ்ந்த மாணவர் ஒருவர், இனி மெய்ம்மறை என்றே எழுதலாமே என்றார். எழுதினால் என்ன ஆகும்? மெய் என்றால் உண்மை, மறை என்றால் வேதம் என்று நம் மக்கள் பழகியிருக்கிறார்கள். திருமறை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை நினைத்தால், நோன்பு ஒரு மெய்ம்மறை என்னும் வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது விளங்கும்.

கவசம் என்று பெயர்ப்போர்க்கும் ஓர் ஆதாரம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கஞ்சனையும் ஈகையாளனையும் ஒப்பிடும் ஹதீஸை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இரும்பால் ஆன ஒன்றை இருவரும் மார்பு முதல் கழுத்தெலும்பு வரை அணிந்திருக்கிறார்கள். ஈகையாளன் கொடுக்கக் கொடுக்க அது இறங்கி விரிந்து விரல்நுனிகளை மறைத்து, அவன் காலடித் தடத்தையும் அழிக்கும் அளவுக்கு நீளுகிறது. கஞ்சன் கொடுக்க நினைக்கும்போதோ ஒவ்வொரு வளையமும் இருந்த இடத்திலேயே இறுகிக்கொள்கிறது. அந்த இரும்புப் பொருள் எது? சில அறிவிப்பாளர்கள் ஜுப்பத் என்றார்கள். சிலர் ஜுன்னத் என்றார்கள். இந்த வேறுபாட்டை இமாம் புகாரி (ரஹ்) அவர்களே குறித்திருக்கிறார்கள்.

அரபி எழுத்து அறிந்தவர்களுக்கு இதன் காரணம் உடனே புலப்படும். இரு சொற்களுக்கும் எழுத்தின் உருவம் ஒன்றே. நடுவே நிற்கும் சிறு பல்லின் கீழே ஒரு புள்ளி வைத்தால் ஜுப்பத். மேலே வைத்தால் ஜுன்னத். ஒன்று நாம் இன்றும் அணியும் ஜுப்பா, மற்றொன்று காப்பு. ஆனால் இந்த ஹதீஸில் புள்ளி எங்கே இருந்தாலும் பொருள் மாறவில்லை. வளையம் இருக்கிறது, மார்பில் இருக்கிறது, நீளுகிறது, இறுகுகிறது. ஆகவே இது அணியும் சட்டைதான். ஜுன்னத் என்னும் சொல் கவசத்தையும் குறிக்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று. 'ஜுன்னத் என்றால் கேடயம் மட்டுமே' என்று அடித்துப் பேசுவோர் இந்த ஹதீஸைப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அப்படியானால் நோன்பில் எது? சொல் இரண்டுக்கும் இடம் தரும்போது சூழலே நடுவர். நோன்பு பற்றிய அந்த ஹதீஸ் ஜுன்னத் என்று சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. நோன்பாளி ஆபாசம் பேசக்கூடாது, அறிவீனமாக நடக்கக்கூடாது என்கிறது. ஒருவன் வந்து சண்டைக்கு இழுத்தால், ஏசினால், தான் நோன்பாளி என்று சொல்ல வேண்டும் என்கிறது. போர்க்களத்தை நினைத்துப் பாருங்கள். எதிரி வாளை ஓங்குகிறான். கவசம் அணிந்தவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வெட்டு தானாக வழுக்கிப் போகும். கேடயம் பிடித்தவனோ வெட்டு வரும் திசையைப் பார்த்து, அந்தக் கணத்தில் கையை உயர்த்த வேண்டும். ஏச்சு வருகிறது, நோன்பாளி 'நான் நோன்பாளி' என்கிறான். அந்தச் சொல்தான் கை உயர்வது.

மற்றோர் அறிவிப்பில், உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள் வழியாக, போரில் உங்களுள் ஒருவர் வைத்திருக்கும் ஜுன்னத்தைப் போல என்ற விளக்கமும் சேர்ந்து வந்துள்ளது. அபூஉபைதா (ரலி) அவர்கள் வழியான அறிவிப்போ அதை அவன் கிழிக்காத வரை என்று நிபந்தனை இடுகிறது. தாரிமீயில் அதற்கு விளக்கமாகப் புறம்பேசுவதைக் குறித்திருக்கிறார்கள். எதிரி கிழிப்பதைப் பற்றிய எச்சரிக்கையாக அது அமையவில்லை. ஏந்தியவனே கிழிப்பதைப் பற்றியதாக இருக்கிறது. தோற்கேடயத்தைத் தன் கத்தியாலேயே கிழித்துக்கொள்பவனின் உருவம் அது. ஹாபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் காப்பு, திரை என்னும் இரு பொருள்களையும் தந்து, நரகிலிருந்து காப்பு, பாவங்களிலிருந்து காப்பு என முன்னோர் கூறியவற்றைத் தொகுத்திருக்கிறார்கள். அவர் காலத்துப் படைவீரனுக்குப் போர்க்கருவிகளின் வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நமக்கு வேண்டியிருக்கிறது.

எனவே நோன்பைப் பற்றிய மொழியில் கேடயமே தக்கது என்பது என் துணிபு. காலையில் நிய்யத்து வைத்தாயிற்று, இனி மாலை வரை அது என்னைக் காக்கும் என்று படுத்துக்கொள்வதற்கு இச்சொல் இடம் தராது. கவசம் என்னும் பெயர்ப்பு தருகிறது. நம் வீடுகளில் பகலெல்லாம் உறங்கி, இஃப்தாருக்கு எழுந்து, இடையில் அண்டைவீட்டாரைப் பற்றிப் பேசித் தீர்க்கும் நோன்புகள் எத்தனை! அதற்கெல்லாம் மொழிபெயர்ப்பாளரைக் குற்றம் சாட்டுவது கூடாதுதான். ஆயினும் மேடையில் வரும் சொல் மனத்தில் ஒரு படத்தை இட்டுவிடுகிறது.

'இமாம்' என்னும் தலைவரையும் ஒரு ஹதீஸ் ஜுன்னத் என்கிறது. அவருக்குப் பின்னே நின்று போரிடப்படும் என்று காரணமும் காட்டுகிறது. பின்னே நிற்பது என்றவுடன் அதுவும் கேடயம் என்பது தெளிவாகிறது. பதிற்றுப்பத்தின் மெய்ம்மறையோடு இதை வைத்துப் படிப்பது இன்பம் தரும். அரசனைக் கவசம் என்று புலவர் பாடினார். ஆனால் பழைய உரைகாரர் அதை விளக்கும்போது, அவன் போரில் வீரர்க்கு வலியாய் முன்னே நிற்பதால் அப்பெயர் என்றார். கவசம் முன்னே நிற்பதில்லை, மேலே கிடக்கிறது. பாட்டு கவசத்தைச் சொல்ல, உரை தன்னையறியாமல் கேடயத்தின் இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

நோன்பைக் கடமையாக்கும் வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 183ஆம் வசனம், தக்வாவில் முடிகிறது. தக்வாவை இறையச்சம் என்று பெயர்த்துப் பழகிவிட்டோம். அச்சம் அதில் உண்டு. ஆனால் வேரில் அச்சம் இல்லை. வாவ், காஃப், யா என்னும் அதன் வேருக்குக் காத்தல் என்பதே பொருள். நரக வேதனையிலிருந்து எங்களைக் காப்பாயாக என்று நாள்தோறும் கேட்கும் துஆவில் 'கினா' என்று வருவது இவ்வேர்தான். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 81ஆம் வசனம் வெயிலிலிருந்து காக்கும் ஆடைகளையும் போரிலிருந்து காக்கும் ஆடைகளையும் ஒன்றாகச் சொல்கிறது. அங்கே காக்கும் என்பதற்கு வரும் வினையும் இவ்வேரினதே. கவசத்தின் தொழிலாக வந்த வினையிலிருந்தே தக்வா பிறந்திருக்கிறது. அல்அஃராஃப் 26ஆம் வசனத்தில் லிபாஸுத் தக்வா என்னும் தொடர் வருவதும் இதனாலேயே பொருந்துகிறது. அச்சம் எப்படி ஆடையாகும்? காப்பு ஆடையாகும்.

உமர் (ரலி) அவர்கள் தக்வாவைப் பற்றி உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் வினவியதாக ஒரு செய்தி தப்ஸீர்களில் உண்டு. முள் நிறைந்த வழியில் நடந்ததுண்டா, அங்கே என்ன செய்தீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆடையைச் சுருட்டிப் பிடித்துக் கவனமாக நடந்தேன் என்றார் உமர். அதுவே தக்வா என்று பதில் வந்தது. அதில் நடுக்கம் இல்லை. கவனம் இருக்கிறது, கையும் வேலை செய்கிறது. நோன்பு ஒரு கேடயம், அதன் பயன் காத்துக்கொள்ளல் என்று சேர்த்துச் சொன்னால் வசனமும் ஹதீஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது குழந்தைக்கும் புரியும். நோன்பு ஒரு கவசம், அதன் பயன் இறையச்சம் என்றால் இரண்டுக்கும் இடையே பாலம் இல்லை. தைலக்காப்பு, காப்புச் செய்யுள், கைக்காப்பு என்று தமிழ் அத்தனை இடங்களில் வைத்திருக்கும் காப்பு என்னும் சொல்லை, தக்வாவைப் பெயர்ப்போர் ஏன் தொடாமல் விட்டார்களோ, தெரியவில்லை.

மறுபுறத்துப் பிழையும் நடக்கிறது. திர்உ வருமிடத்தில் கேடயம் என்று சொல்வதை மேடைகளில் கேட்டிருக்கிறேன். உஹதில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு திர்உகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தார்கள் என்ற செய்தியை இப்படிப் பெயர்த்தால், இரு கையிலும் கேடயம் ஏந்தி வாள் இல்லாமல் நின்றார்கள் என்று ஆகிவிடும். புர்தா ஷரீஃபை ஓதும் வீடுகளில், குகை நிகழ்ச்சியைப் பாடும் இடத்தில் திர்உ என்பதன் பன்மை வருவதைக் கேட்டிருப்பார்கள். அதன் பொருள் மடிப்பு மடிப்பான இரும்புச் சட்டைகள், கேடயக் குவியல் அன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய திர்உ ஒரு யூதரிடம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. ஸாவின் அளவில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. குறைத்துக் கணித்தாலும் அறுபது கிலோவைத் தாண்டும். இதைக் கேடயம் என்று சொல்வதால் என்ன குறைகிறது என்று கேட்கலாம். ஒரு மிஜன்னைத் திருடியவனுக்குக் கை துண்டிக்கப்பட்ட வழக்கில் அதன் விலை மூன்று திர்ஹம் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஹனஃபிகள் பத்துத் திர்ஹம் என்ற அறிவிப்பைக் கொள்வர். தண்டனைக்குரிய கீழெல்லையை அளக்கப் பயன்பட்ட பொருள் அது. ஆயிரக்கணக்கான வளையங்களைத் தனித்தனியே கோத்து ஆணியிட்ட இரும்புச் சட்டையோ ஒரு வீரனின் உடைமைகளில் முதன்மையானது. அரபு நாட்டின் தலைவர் தம் குடும்பத்தின் உணவுக்காக அடகு வைத்தது அந்த முதன்மையான பொருளை. கேடயம் என்றவுடன் அந்தச் செய்தியின் கனம் பாதி இறங்கிவிடுகிறது.

அலீ (ரலி) அவர்கள் அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு மஹராகக் கொடுத்ததும் திர்உதான். நிக்காஹ் மேடைகளில் அடிக்கடி கூறப்படும் வரலாறு இது. அங்கும் கேடயம் புகுந்துவிடுகிறது. ஹதீஸில் அதற்கு ஹுதமிய்யா என்று தனிப்பெயரே வருகிறது. மேலே விழும் வாள்களை முறித்துவிடும் என்பதால் அப்பெயர் என்பர் சிலர். இரும்புச் சட்டை செய்வதில் பெயர் பெற்ற ஹுதமா என்னும் குலத்தார் செய்ததால் அப்பெயர் என்பர் வேறு சிலர். இரண்டாவது விளக்கமே சரியாக இருந்தால், அந்த மஹரில் ஒரு கொல்லர் குலத்தின் பெயரும் சேர்ந்து வந்திருக்கிறது.